பார்கிட்டர் பிரபுவின் நாலு நிமிடம்

டெஸ்மண்ட் பார்கிட்டர் வெளியுறவுத் துறையில் இருந்த காலம் முழுவதும் எந்தக் கேள்விக்கும் 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ பதில் சொன்னதில்லை. இதை ஒரு குறையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த ஒரு தகுதிக்காகத்தான் அவரை மூன்றாம் செயலாளர் நாற்காலியிலிருந்து தூதர் நாற்காலி வரை தூக்கி உட்கார வைத்தார்கள்.

அந்தத் துறையில் கவலைக்கு மூன்று படிகள் உண்டு. கவலை, ஆழ்ந்த கவலை, மிக ஆழ்ந்த கவலை. ஒரு நாட்டில் வாக்குப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் கவலை. எதிர்க்கட்சித் தலைவரையே தூக்கிக்கொண்டு போனால் ஆழ்ந்த கவலை. மூன்றாம் படியில் பார்கிட்டர் தம் வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கால் வைத்தார். தூதரகத்து வாசலில் பக்கத்து நாட்டுத் தூதர் தம் காரைக் கொண்டுவந்து நிறுத்தியபோது.

இத்தனை பெரிய வாழ்க்கை ஒரு படகிலிருந்து ஆரம்பித்தது என்பது ஊரில் சிலருக்குத்தான் தெரியும். ஹேசல்ஃபோர்டில் அவருடைய அப்பா ஆற்றோரம் படகுகளை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். மூத்தவள் மோரீன். அந்த மாவட்டத்திலேயே அவளைத் துடுப்பில் முந்த ஆள் கிடையாது. பந்தயத்துக்கென்று மெல்லிசாக ஒரு படகு வைத்திருந்தாள். அதை யாரும் தொடக் கூடாது. தம்பிக்கு வெளியுறவுத் துறை நேர்காணலுக்கு லண்டனிலிருந்து அழைப்பு வந்தபோது போட்டுக்கொண்டு போக அவனிடம் ஒரு நல்ல சூட் இல்லை. மோரீன் படகை விற்றாள். சூட், காலணி, ரயில் டிக்கெட் எல்லாம் வந்தன. அதன் பிறகு அவள் எந்தப் பந்தயத்திலும் இறங்கவில்லை. வாடகைப் படகுகளைப் பார்த்துக்கொண்டாள், காலையில் எழுந்ததும் ஆற்றில் ஒரு நீச்சல் போடுவாள், அவ்வளவுதான். சூட் ரொம்ப நாள் உழைத்தது. அது எப்படி வந்தது என்ற நினைவு அவ்வளவு நாள் உழைக்கவில்லை.

ஓய்வு பெற்றதும், இந்த மாதிரி ஆட்களுக்கு எது எது வருமோ அது அது அவருக்கும் வந்தது. முதலில் மேல்சபையில் ஆயுளுக்கும் ஓர் இடம். பின்னாலேயே கம்பெனிகள்.

பதவியேற்பு நாளில் சிவப்பு அங்கியை மாட்டிவிட்டு, முன்னும் பின்னும் ஆட்களை நிறுத்தி, நடையும் குனிவும் பழக்கிக் கொடுத்தார்கள். பழக்கியவர் வால்கோட் போட்ட வாசல்காவலர் ஒருவர்.

"உள்ள வரும்போது ஒரு தடவை, வெளிய போகும்போது ஒரு தடவை, அதோ அந்த நாற்காலியைப் பாத்துக் குனியணும், மை லார்ட்."

"அதுல யாரும் உக்காந்திருக்கலையே?"

"அதனாலதான் குனியறோம்."

பார்கிட்டர் குனிந்தார். வாசல்காவலர் திருப்திப்படவில்லை. திரும்பத் திரும்பக் குனிய வைத்தார். ஒரு வாரத்தில் அது உடம்பிலேயே ஊறிப்போய், சொந்த வீட்டுச் சமையலறையை விட்டு வெளியே வரும்போதுகூட அடுப்பைப் பார்த்து ஒரு தடவை குனிந்து, மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சாப்பாட்டு அறையில் நீள மேசை ஒன்று உண்டு. அதில் இஷ்டப்பட்ட இடத்தில் உட்கார முடியாது. காலியாக இருக்கும் அடுத்த நாற்காலி எதுவோ அதில்தான் உட்கார வேண்டும்; பக்கத்தில் யார் இருந்தாலும் பேச வேண்டும். முதல் நாளே பார்கிட்டருக்கு வாய்த்தவர் ஓல்டர்ஷா பிரபு. முன்னாள் நீதிபதி, தொண்ணூறை நெருங்கிக்கொண்டிருந்தார்.

"ஒரு விஷயம் சொல்றேன் கேட்டுக்கங்க, பார்கிட்டர்" என்றார் ஓல்டர்ஷா, ஆட்டுக்கறியை வெட்டிக்கொண்டே. "இந்தச் சபையில நம்மள யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கல. அதனாலதான் யாருக்கும் பயப்படாம உண்மையைப் பேச முடியுது. பேசறதில்லங்கறது வேற விஷயம்."

"எனக்குக் கொஞ்சம் கம்பெனித் தொடர்பெல்லாம் இருக்கு. அதைப் பத்தின விவாதம் வந்தா...?"

"அட, அதுக்கெதுக்குக் கவலை! எழுந்து நின்னு, 'இதில் எனக்கு ஆதாயம் உண்டு'ன்னு அறிவிச்சிடுங்க. அறிவிச்சா போச்சு. நான் சுரங்கக் கம்பெனியில இருக்கறதை அறிவிச்சிட்டுத்தான் நிலச்சரிவு பத்திப் பேசினேன். பேசி முடிச்சு உக்காந்தேன் பாருங்க, அப்படி ஒரு நிம்மதி! செத்தவங்க குடும்பத்துக்கும் அந்த மாதிரி நிம்மதி கிடைச்சிருக்கும்னு நம்பறேன்."

பார்கிட்டர் தலையாட்டினார். அது ஆமாம் என்ற ஆட்டமா இல்லை என்ற ஆட்டமா என்று ஓல்டர்ஷாவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவர் முயலவும் இல்லை.

கம்பெனிகளில் பெரியது ஹேசல்வேல் தண்ணீர் கம்பெனி. ஊருக்குக் குடிநீர் கொடுப்பதும் அவர்கள்தான், ஊர்க் கழிவைச் சுத்தம் செய்வதும் அவர்கள்தான். முதல் வேலைக்குக் காசு வாங்கினார்கள். இரண்டாவது வேலைக்கும் காசு வாங்கினார்கள், ஆனால் மழை பெய்த நாட்களில் அதைச் செய்யவில்லை. குழாயைத் திறந்து ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். தலைவி ஃபிலிப்பா ஸ்டாண்டனுக்கு 'கழிவு' என்ற சொல்லே ஆகாது.

"அது கழிவு இல்ல டெஸ்மண்ட்" என்று முதல் கூட்டத்திலேயே விளக்கினாள். "மக்கள்கிட்ட இருந்து வந்தது மக்கள்கிட்டயே திரும்பிப் போகுது. நாங்க நடுவுல நிக்கறதோட சரி."

"என்னோட வேலை என்ன?"

"நீங்க மந்திரிங்களோட டீ குடிக்கணும். டீ நல்லா குடிப்பீங்கன்னு கேள்விப்பட்டோம்."

வசந்தகாலக் கூட்டத்தில் சூப்புக்கும் மீனுக்கும் நடுவில் ஒரு தீர்மானம் வந்தது. ஹேசல்ஃபோர்ட் சுத்திகரிப்பு நிலையத்தின் சீரமைப்பை ஒத்திவைப்பது என்பது தீர்மானம். பங்குதாரர்களுக்கு இந்த வருடம் கொஞ்சம் தாராளமாகக் கொடுக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் அந்தக் குழாய் திறந்தேதான் இருக்கும். எல்லோரும் கையைத் தூக்கினார்கள். பார்கிட்டரும் தூக்கினார். முழுக்க இல்லை, காதளவுக்கு. காதைச் சொறிந்தார் என்றும் பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம், அப்படி ஓர் உயரம். அதைப் பழகவே அவருக்குப் பல தலைநகரங்கள் ஆகியிருந்தன. கம்பெனிச் செயலாளர் அதையும் ஓட்டாகவே எண்ணிக்கொண்டார்.

மீன் வந்த பிறகுதான் அவருக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

"ஃபிலிப்பா, ஹேசல்ஃபோர்ட்ல எங்க அக்கா இருக்கா. தினமும் அந்த ஆத்துலதான் நீந்தறா. இந்தக் கோடையில தண்ணியில எறங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லிடட்டுமா?"

மேசையில் அத்தனை முள்கரண்டியும் நின்றுவிட்டன. கம்பெனி வக்கீல் தொண்டையைக் கனைத்தார்.

"உங்க அக்காகிட்ட நம்ம பங்கு இருக்கா?"

"இல்ல."

"அப்ப அவங்களுக்கு இந்தத் தகவல் எதுக்கு?"

"அவ நீந்தறா..."

"இது பங்கு விலையைப் பாதிக்கிற தகவல், லார்ட் பார்கிட்டர். வெளிய சொன்னா சட்டப்படி குத்தம்."

ஃபிலிப்பா அவர் கையைத் தட்டிக் கொடுத்தாள். "நம்ம கம்பெனியில எந்தக் கசிவையும் நான் அனுமதிக்கறதே இல்ல, டெஸ்மண்ட். அதுல நான் ரொம்பக் கண்டிப்பு."

வீட்டுக்கு வந்து ஃபோனை எடுத்தார், வைத்தார். தேசத்தின் ரகசியங்களை எல்லாம் காப்பாற்றிய மனிதன் இந்தச் சாக்கடை ரகசியத்தைக் காப்பாற்ற மாட்டானா என்று தமக்குத் தாமே ஒரு பெருமையை ஊட்டிப் பார்த்தார். அது இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மோரீனே கூப்பிட்டாள்.

"தண்ணி இப்பல்லாம் என்னமோ வழவழன்னு இருக்குடா டெஸ். தோல்ல ஒட்டிக்கிட்டு வருது. ஏன்னு தெரியல."

ஒரு சொல் போதும். இறங்காதே என்றால் மறுகேள்வி கேட்காமல் நிறுத்திவிடுவாள். அவருக்கு அது நன்றாகத் தெரியும்.

"அப்படியா" என்றார் பார்கிட்டர். "அங்க மழை உண்டா, மோ?"

கோடை முடிவதற்குள் மோரீன் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். காய்ச்சலில் ஆரம்பித்து இரண்டு சிறுநீரகத்தையும் பிடித்துக்கொண்டது. ஆற்றுத் தண்ணீரிலிருந்து தொற்றிய கிருமி என்று டாக்டர்கள் சொன்னார்கள். அவளோடு நீந்துகிற பெண்களில் பாதிப்பேர் வாந்தியும் பேதியுமாகத் தப்பித்தார்கள். மோரீனுக்கு வாரத்தில் பல நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடக்கும் வாழ்க்கை.

பார்கிட்டர் திராட்சையோடு போய் நின்றார். படகோட்டிய கைகள் போர்வைமேல் கிடந்தன. அவரால் அவற்றைப் பார்க்க முடியவில்லை, திராட்சையைப் பார்த்தார்.

"என்னடா, சாவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி நிக்கற? உக்காரு" என்றாள் மோரீன். "உங்க சபையில தண்ணிச் சட்டம் வருதாமே. எங்க நீச்சல்காரிங்க எல்லாரும் அதைத்தான் பேசறாங்க. அதுல ஒரு திருத்தம். கழிவு பிளான்ட்டைச் சரி பண்ணாம தள்ளிப்போட்டா, தள்ளிப்போடக் கையத் தூக்கினவனே பொறுப்புன்னு."

"ஆமா. அதாவது... அப்படி ஒரு முன்மொழிவு பரிசீலனையில இருக்கு."

"வாயில கொழுக்கட்டையா? நேராப் பேசு. நீ அதுக்கு எழுந்து பேசணும், அதுக்கு ஓட்டுப் போடணும். இவ்வளவு நாள்ல உங்கிட்ட நான் ஏதாவது கேட்டிருக்கேனா?"

"இல்ல."

ஆமாம் இல்லை என்று லேசில் சொல்லாதவர் அன்று இரண்டையும் சொல்லிவிட்டார். மோரீன் அதையே சத்தியமாக எடுத்துக்கொண்டாள்.

பேச வேண்டும் என்று முடிவானதும் சபையின் பதிவாளரிடம் போனார். பதிவாளர் ஓர் இளைஞர். அத்தனை பேருடைய ஆதாயங்களும் அவருக்கு மனப்பாடம்.

"எல்லாத்தையும் அறிவிக்கணும், மை லார்ட். சின்னதா இருக்கேன்னு எதையும் விட்டுடாதீங்க. அப்புறம் பத்திரிகைக்காரன் பிடிச்சுப்பான்."

"எங்க அக்கா ஒருத்தி. இந்த ஆத்துலதான் நீந்தி உடம்பு கெட்டுப்போய்க் கிடக்கறா. அதையும் சொல்லணுமில்லையா?"

பதிவாளர் யோசித்தார். "அவங்க உங்களுக்குச் சம்பளம் எதுவும் தர்றாங்களா?"

"இல்ல."

"பங்கு, நிலம், கௌரவப் பதவி?"

"இல்ல."

"விலை மதிப்புள்ள பரிசு ஏதாவது, எப்பவாவது குடுத்திருக்காங்களா? நல்லா ஞாபகப்படுத்திப் பாருங்க."

பார்கிட்டர் நேர்மையாகவே ஞாபகப்படுத்திப் பார்த்தார். கிறிஸ்துமஸ் காலுறைகள் ஞாபகம் வந்தன.

"அப்படி ஒண்ணும் குடுத்ததில்ல."

"அப்ப உங்க அக்கா ஆதாயம் இல்ல, மை லார்ட். அவங்களை அறிவிக்கக் கூடாது. அது சபையின் அனுதாபத்தைத் தேடறதா ஆயிடும்."

"சரி. ஓட்டு?"

"அறிவிச்ச பிறகு தாராளமாப் போடலாம். ஆனா இந்த மாதிரி தொடர்பு இருக்கற பெரியவங்க பலபேர் ஓட்டு நேரத்துல கொஞ்சம் ஒதுங்கி இருக்கறதுதான் அழகுன்னு நினைக்கறாங்க. அது உங்க சொந்த கௌரவத்தைப் பொறுத்தது. கௌரவத்துல விதிகள் தலையிடாது."

விவாத நாளன்று பேசப் பெயர் கொடுத்தவர்கள் ஏராளம் என்பதால் ஆளுக்கு நாலு நிமிடம் என்று வைத்தார்கள். முதல் அரை மணி நேரம் எல்லோருக்கும் எவ்வளவு குறைந்த நேரம் என்பது பற்றியே எல்லோரும் பேசினார்கள். பார்கிட்டர் பெயர் வந்தது. எழுந்தார். உள்பையில் மோரீனைப் பற்றி எழுதாமல் மோரீனுக்காக எழுதிய பேச்சு இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அதில் 'தவறு' என்ற சொல்லை அடைமொழி இல்லாமல் எழுதியிருந்தார்.

"மாண்புமிகு பிரபுக்களே, முதலில் என் ஆதாயங்களை அறிவிக்கிறேன். ஹேசல்வேல் தண்ணீர் கம்பெனியில் நான் இயக்குநர். அதில் எனக்குப் பங்குகள் உண்டு. என் மனைவிக்கும் உண்டு. வெளியுறவுத் துறையில் ஓய்வூதியம் பெறுகிறேன். அந்தத் துறை அந்தக் கம்பெனியில் முதலீடு செய்த வெளிநாட்டு நிதியை ஒரு காலத்தில் அன்புடன் வரவேற்றது. வரவேற்றவன் நான்."

"சபாஷ்!" என்று பின்னால் யாரோ முனகினார்.

"ஹேசல் ஆற்றங்கரையில் நிலம் உள்ள கல்லூரி ஒன்றில் கௌரவ உறுப்பினர். ஹேசல் ஆற்றுப் பாதுகாப்புச் சங்கத்தின் புரவலர். ஆற்று நீர் பிடிக்காதவர்களுக்காக நடக்கும் பாட்டில் தண்ணீர் கம்பெனியின் ஆலோசகர். ஆற்றில் நீந்த முடியாதவர்களுக்காக நீச்சல்குளம் கட்டுவோர் சம்மேளனத்தின் தலைவர்..."

சொல்லச் சொல்ல அவருக்கே மூச்சு முட்டியது. ஒவ்வொன்றும் தனித்தனியாக, வெவ்வேறு மதிய உணவில், மறுக்க மனம் வராமல் ஒத்துக்கொண்டவை. ஒன்றாக வரிசையில் நின்றபோது அவை ஆற்றின் ஊற்றிலிருந்து கடல் வரை இரு கரையிலும் உட்கார்ந்திருந்தன. முடிவில் இருந்ததைப் படிக்க நாக்கு எழவில்லை. படித்தார்.

"...கடைசியாக, ஹேசல்வேல் கம்பெனியின் நன்கொடையில் நடக்கும் சிறுநீரக நல அறக்கட்டளையின் கௌரவத் தலைவர். இப்போது ஹேசல்ஃபோர்டில் நடந்தது என்னவென்றால்..."

அரசுக் கொறடா எழுந்துவிட்டார். "மாண்புமிகு பிரபுவின் நேரம் முடிந்துவிட்டது என்பதை வருத்தத்துடன் நினைவூட்டுகிறேன்."

இன்னும் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் யாரும் அடித்துத் துரத்தியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் உட்கார்ந்துவிட்டார். சபை முழுக்க மகிழ்ச்சி ஆரவாரம். அடுத்து எழுந்தவர் தம் நாலு நிமிடத்தில் மூன்றை, இவ்வளவு முழுமையான, இவ்வளவு மனம் திறந்த அறிவிப்பைத் தாம் கேட்டதே இல்லை என்று சொல்வதற்குச் செலவழித்தார். அதற்கடுத்தவர் குரல் தழுதழுக்கப் பேசினார். ஆற்றைப் பற்றி யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

மணி அடித்தது. ஓட்டுக்கான மணி. 'சம்மதம்' என்போர் ஒரு பக்கத்து நடைக்கும் 'சம்மதமில்லை' என்போர் மறுபக்கத்து நடைக்கும் போக வேண்டும். நடுவில் நிற்க அங்கே இடமில்லை. நடுவில் நிற்க வேண்டுமானால் டீ அறைக்குத்தான் போக வேண்டும்.

ஓல்டர்ஷா அவர் முழங்கையைப் பிடித்தார். "அற்புதம், பார்கிட்டர்! வாங்க, ஒரு டீ சாப்பிடுவோம்."

"மணி அடிக்குதே..."

"எனக்குக் காது கேக்கறதில்ல. உங்களுக்கு கௌரவம் இருக்கு. வாங்க."

உதறிவிட்டுப் போக முடியாதபடி அந்தத் தொண்ணூறு வயதுக் கையில் அப்படியொன்றும் பிடி இல்லை. பார்கிட்டருக்கு அது தெரியும். சம்மதம் என்று நடந்தால் தமக்கே விலங்கு பூட்டிக்கொள்ள நடப்பது. சம்மதமில்லை என்று நடந்தால் அக்காவின் படுக்கையை மிதித்துக்கொண்டு நடப்பது. டீ அறைக்குக் கம்பளம் விரித்திருந்தது. உட்கார்ந்தார். வெண்ணெய் தடவிச் சுட்ட ரொட்டி வந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் மென்றுகொண்டே இருந்தார். ஒதுங்குவது கௌரவம் என்று ஒவ்வொரு கடிக்கும் ஒரு தடவை சொல்லிக்கொண்டார். மணி நின்றபோது தட்டும் காலியாகியிருந்தது.

ஓட்டுகள் இரு பக்கமும் சரிசமம். சமமானால் திருத்தம் தோற்றது என்பது அந்தச் சபையின் பழைய மரபு. தோற்றது.

அந்த வாரத்துக்குள் இரண்டு செய்திகள் வந்தன. உறுப்பினர்களின் நன்னடத்தையைக் கண்காணிக்கும் குழுவுக்குப் பார்கிட்டரைத் தலைவராக்கி இருந்தார்கள். ஃபிலிப்பா ஃபோனில் கொஞ்சினாள்: "நீங்க எங்களுக்காகப் பேசவும் இல்ல, எங்களுக்கு எதிராப் பேசவும் இல்ல. இதைத்தான் நாங்க விலை குடுத்து வாங்கினோம்னு எனக்கு இப்பத்தான் புரிஞ்சுது."

மறுபடியும் திராட்சையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். மோரீன் இயந்திரத்தோடு இணைந்து படுத்திருந்தாள். எதிரில் டிவி அணைந்திருந்தது.

"மோ, நான் உங்கிட்ட ஒண்ணு அறிவிக்கணும்."

"இங்கயுமா?"

"எனக்குத் தெரியும், மோ. வசந்தகாலத்துலயே தெரியும். அந்த பிளான்ட்டைத் தள்ளிப்போடக் கையத் தூக்கினவங்கள்ல நானும் ஒருத்தன். நீ தண்ணி வழவழன்னு இருக்குன்னு சொன்னியே, அப்பவே தெரியும்."

மோரீன் தலையணையிலிருந்து தலையை உயர்த்தி அவரைப் பார்த்தாள்.

"தெரிஞ்சும் மழையைப் பத்தி விசாரிச்ச" என்றாள்.

"விலையைப் பாதிக்கிற தகவல், வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டாங்க."

மோரீன் சிரித்தாள். சிரித்தால் ஊசி குத்திய கை வலிக்கிறது என்று நிறுத்திக்கொண்டாள்.

"டிவியில பாத்தேன். காலேஜு, பாட்டில் தண்ணி, நீச்சல்குளம்னு ஒவ்வொண்ணாச் சொல்லிக்கிட்டே வந்த. பக்கத்துப் படுக்கைக்காரிகிட்ட சொன்னேன், 'இரு, இப்ப என் பேரு வரும் பாரு'ன்னு."

பார்கிட்டர் திராட்சையைக் கை மாற்றிக்கொண்டார். "உன்னைச் சேக்கத்தான் கேட்டேன். பதிவாளர் கூடாதுன்னுட்டார். விலை மதிப்புள்ளதா நீ எனக்கு ஏதாவது குடுத்திருந்தாத்தான் சேர்க்கலாமாம். எப்பவாவது குடுத்திருக்காளான்னு கேட்டார். நான்..."

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் குடுத்ததில்லன்னு சொல்லிட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. சூட்டின் நிறம் முதலில் வந்தது. பிறகு, காலியாகக் கிடந்த படகுக் கொட்டில்.

மோரீன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சரியாத்தான் சொல்லியிருக்க" என்றாள். "அது பழைய படகுதானே."

ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். கவலை, ஆழ்ந்த கவலை, மிக ஆழ்ந்த கவலை. அதற்கு மேல் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திராட்சையை மேசைமேல் வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தார். வாசலில் திரும்பி நின்று, பழக்கிய உடம்பு பழக்கியபடி, படுக்கையைப் பார்த்து இடுப்பு வளையக் குனிந்தார். நாற்காலிக்குக் குனிந்தபோதெல்லாம் அதில் யாரும் இருந்ததில்லை. இங்கே ஆள் இருந்தது, ஆனால் பார்க்கவில்லை. எதையோ கீழே போட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து ஒரு நர்ஸ் மட்டும் வந்து அவரோடு சேர்ந்து தரையில் கொஞ்ச நேரம் தேடினாள்.